பிள்ளை கையில் கம்பு கொடுப்பதற்கு முன்

என் கடைக்குத் துணி கொடுக்க வரும் தாய்மார்கள், அளவு கொடுத்து முடித்த பிறகும் கிளம்பாமல் நின்றால் என்ன கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு இப்போது தெரிந்துவிடுகிறது. "உங்கள் பெண் சிலம்பம் போகிறாளாமே அக்கா, என் பிள்ளையையும் சேர்க்கலாமா? அடிபடாதா?" பாளையங்கோட்டையில் பதினான்கு ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கம்பு சுற்றத் தெரியாது. ஆனால் 2019 ஜூனில் ஆறு வயது மகளைச் சேர்த்த நாள் முதல், ஊரடங்குக் காலம் நீங்கலாக, வாரம் மூன்று மாலை மைதானத்தின் ஓரத்தில் ஹெம்மிங் வேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். பணத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் தொலைத்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் துணி வெட்டுவது எப்போது? அதனால் எழுதிவிடுகிறேன். சிலம்பத்தை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். கராத்தே, ஜூடோ என்று அனுப்புகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எந்த வயதில்

மகளின் கதையில் ஆரம்பித்தால் நான் கெட்டிக்காரி என்று தோன்றிவிடும். எனவே சின்னவனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அக்கா போகிறாளே, இவனும் போகட்டும் என்று 2022இல் நான்கு வயதில் அவனைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினேன். அவன் அக்காவின் கம்பைப் பிடுங்கி, கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு, நாக்கால் 'டொக் டொக்' என்று சத்தம் போட்டபடி மைதானத்தை இரண்டு சுற்று வந்தான். இரண்டாம் வாரமும் அதே சவாரி. வரிசையில் நின்ற கொஞ்ச நேரமும் எறும்புப் புற்றைத் தேடிக் குனிந்துகொண்டிருந்தான். ஆசான் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாம் வாரம் என்னிடம் வந்து, "அம்மா, தம்பி இன்னும் குதிரை ஓட்டுகிற வயதில் இருக்கிறான். ஓட்டி முடிக்கட்டும், பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். மாதச் சம்பளத்தில் பாதியைத் திருப்பியும் கொடுத்தார். அந்த மனிதரிடம் எனக்கு நம்பிக்கை வந்ததே அன்றுதான்.

ஆக, ஐந்தரை வயதுக்கு முன் வேண்டாம் என்பது என் கணக்கு. ஆறு, ஏழு நல்ல வயது. ஆனால் வயதை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவருக்கு ஒரே அளவில் சட்டை வெட்ட முடியாது என்று தைக்கிறவளுக்குத் தெரியும். வீட்டிலேயே பார்க்கலாம். ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நிற்கிறானா? "செருப்பைக் கழற்று, தண்ணீர் குடி, பாயில் உட்கார்" என்று மூன்று காரியத்தை ஒன்றாகச் சொன்னால் மூன்றையும் செய்கிறானா, முதலாவதோடு நின்றுவிடுகிறானா? ஊஞ்சலில் தன் முறை வரும்வரை நிற்கிறானா? நீங்கள் கண்ணில் படாமல் அரை மணி நேரம் இருந்தால் அழாமல் இருக்கிறானா? நான்கில் மூன்றுக்கு ஆம் என்றால் கூட்டிப்போங்கள்.

இல்லையென்றால் குறை ஒன்றுமில்லை. ஓடட்டும், உருளட்டும், கொய்யா மரத்தில் தொங்கட்டும். ஒரு வயது தாண்டி ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு நாள் முழுவதிலுமாகச் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஆட்டமும் ஓட்டமும் வேண்டும், ஐந்து முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மீதி நான்கு நாளும் செல்போனைக் கையில் கொடுத்து உட்காரவைத்தால் இந்தக் கணக்கு நேராகாது.

பயன் எங்கே இருக்கிறது

மகளுக்கு முதல் ஐந்து வாரம் கையில் கம்பு கொடுக்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. மாதம் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு பிள்ளையை நடக்கவிட்டுக்கொண்டிருக்கிறாரே என்று வீட்டில் புலம்பினேன்.

நடந்தது இதுதான். மண்ணில் ஒரு சதுரம். அதன் மூலைகளில் கால் வைக்க வேண்டும். ஒன்று என்றால் இடக்கால் முன்னே. இரண்டு என்றால் வலக்கால் அதைத் தாண்டிப் பக்கத்து மூலைக்கு. மூன்றில் உடம்பு திரும்ப வேண்டும். நான்கில் முழங்கால் மடங்கி நிற்க வேண்டும். பிறகு அப்படியே பின்னோக்கி. இதற்குக் காலடி என்று பெயர். எந்தெந்தக் காலடிக்கு என்ன பெயர் என்பது ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் மாறும். ஆசான் ஒரு சின்னக் குச்சியால் கல்லில் தட்டித் தாளம் கொடுப்பார். பிள்ளைகள் வாய்விட்டு எண்ண வேண்டும். மகள் மூன்றில் தவறிவிடுவாள்; தவறியதும் நின்றுவிடுவாள்; உதடு பிதுங்கும். ஆசான் தாளத்தை நிறுத்தவே மாட்டார். "விட்டது விட்டுப் போகட்டும். அடுத்த எண்ணில் சேர்ந்துகொள்" என்பார். நூறு தடவை சொல்லியிருப்பார்.

அந்த ஆண்டு ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு மகள் மூன்றாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அதுவரை எங்காவது இடறினால் அழுதுகொண்டே முதலிலிருந்து ஆரம்பிப்பாள். திரும்ப அதே இடத்தில் இடறுவாள். கடைசியில் புத்தகம் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் கிடப்பார்கள். அன்று ஏழில் இடறினாள். ஒரு மூச்சு விட்டாள். தொடையில் கையால் ஒரு தட்டுத் தட்டி, "எட்டு மூன்று இருபத்து நான்கு" என்று மேலே போய்விட்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நிறுத்திவிட்டேன். 500 ரூபாய்க்கு அவர் என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

என் அனுபவத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சிலம்பத்தின் பயன் முக்கால்வாசி இந்தக் காலடியிலேயே இருக்கிறது. கம்பு சுற்றுவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். தடுமாறாமல் நிற்பது, இடம் வலம் குழம்பாமல் இருப்பது, முறைக்குக் காத்திருப்பது, தவறிய பின்னும் தாளத்தில் சேர்வது எல்லாம் காலில் ஆரம்பிக்கின்றன. கம்பு வந்த பிறகு கூடுதலாக ஒன்று கிடைக்கும்: இடக்கை. வலக்கையால் பத்து சுற்று என்றால் இடக்கையாலும் பத்து சுற்று என்று ஆசான் விடாப்பிடியாக நிற்பார். மகள் இப்போது என் மெஷினில் பாபினை இடக்கையால் மாட்டுகிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

துண்டு நோட்டீசில் போடுகிறார்களே, மதிப்பெண் கூடும், உயரம் வளரும், நினைவாற்றல் பெருகும் என்று, அதையெல்லாம் நம்பிப் போகாதீர்கள். மகளின் கணக்கு மதிப்பெண் ஆறு ஆண்டுகளாக இருந்த இடத்தில்தான் இருக்கிறது. "கோபம் குறையும்" என்பதுகூடக் கற்றுக்கொடுக்கிற விதத்தைப் பொறுத்ததுதான். அமெரிக்காவில் 1986இல் வெளியான ஓர் ஆய்வில், தடம் மாறிப்போன 13 முதல் 17 வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பழக்கினார்கள். வணக்கம், தியானம், ஒழுக்கம் என்று பழைய முறையில் டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைக் கற்ற பையன்களுக்கு முரட்டுத்தனம் குறைந்தது. அதே டேக்வாண்டோவைச் சண்டை மட்டுமாகக் கற்றவர்களுக்குக் கூடிவிட்டது. ஓட்டமும் பந்து விளையாட்டுமாக இருந்த மூன்றாவது குழுவில் பெரிய மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான், அதுவும் பெரிய பையன்களை வைத்து. ஆனாலும் நான் மைதானத்தில் பார்ப்பதும் அதுவேதான். ஒரே கம்பு, ஒரே வீச்சு. ஓர் ஆசானிடம் கற்ற பிள்ளை அடக்கமாக வருகிறது, இன்னொருவரிடம் கற்ற பிள்ளை தெருவில் போகிற நாயை அடிக்கிறது.

ஆசானைப் பார்ப்பது எப்படி

சேர்ப்பதற்கு முன் மூன்று நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் நல்லவர்கள். மூன்றாம் நாள்தான் குணம் தெரியும்.

முன்வரிசையில் கம்பு பறக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்காதீர்கள். அங்கே நிற்பது ஐந்து ஆண்டு பழகிய பிள்ளைகள். கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே குண்டாக ஒரு பையன் இருப்பான், அல்லது காலை மாற்றி மாற்றி வைக்கும் ஒரு சின்னப் பெண் இருப்பாள். ஆசான் அந்தப் பிள்ளையிடம் எத்தனை முறை போகிறார்? போனால் என்ன சொல்கிறார்? மற்றப் பிள்ளைகள் சிரித்தால் என்ன செய்கிறார்? என் மகள் அந்தக் கடைசி வரிசையில்தான் ஓராண்டு நிற்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிள்ளை கம்பை முழுக்க நீட்டிச் சுற்றினாலும் அடுத்த பிள்ளையின் கம்பில்கூடப் படக்கூடாது. அறுபது பிள்ளைக்கு ஒரே ஆசான், உதவிக்கு யாருமில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்ல அடையாளம். ஆனால் ஆசான் பக்கத்தில் இருக்க வேண்டும், செல்போனில் இருக்கக் கூடாது.

தவறு செய்தால் என்ன தண்டனை என்று கவனியுங்கள். கம்பால் காலில் தட்டுவது, வெயிலில் முட்டி போடவைப்பது எல்லாம் "அந்தக் காலத்து முறை" என்று சொல்வார்கள். வேண்டாம். பழைய முறையில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இது அதில் சேராது. ஐயாயிரம் ஆண்டுக் கலை என்று பேச ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும், "முழங்கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள் அண்ணாச்சி?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை வைத்து முடிவெடுங்கள்.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள். கூடாது என்றால் கிளம்புங்கள். யோசிக்கவே வேண்டாம். நிலையைத் திருத்த உடம்பைத் தொட வேண்டிவரும்; நல்ல ஆசான் எதைத் தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, எல்லோர் கண்ணெதிரிலும், குச்சி நுனியாலோ கை நுனியாலோ திருத்துவார். தனி வகுப்பு, கதவடைத்த அறை, பெற்றோர் இல்லாத வெளியூர்ப் பயணம் எதற்கும் சின்னப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை, ஆண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். ஏதாவது தப்பாகப் பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம் என்று பிள்ளைக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜூடோவில் முதலில் விழக் கற்றுக்கொடுப்பார்கள்: தலை தரையில் படாமல், கையை அறைந்து, உருண்டு விழுவது. எங்கள் ஆசான் அதைச் சொல்லித்தருவதில்லை. கேட்டேன். "கீழே விழாமல் இருக்கத்தானே காலடி" என்றார். பதில் அழகாக இருந்தது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. மகளுக்கு வீட்டில் மெத்தையில் பழக்கினேன்.

கம்பும் உடையும்

கம்பை நீங்களாக முதல் நாளே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஆசான் சொல்லும்போது வாங்கினால் போதும். பெரியவர்களுக்கு நெற்றி உயரம் என்பார்கள். சின்னப் பிள்ளைக்குப் புருவத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளையை வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தி, தரையிலிருந்து புருவம் வரை இஞ்ச் டேப் பிடியுங்கள். மகளின் முதல் கம்பு 41 அங்குலம். வளருவாளே என்று நான்கு அங்குலம் கூட்டி வாங்கலாமா என்று எனக்கும் சபலம் தட்டியது. பள்ளிச் சீருடைக்கு மடிப்பு விட்டுத் தைக்கிற பழக்கம். கம்பில் மடிப்பு விட முடியாது. நீளம் கூடினால் நுனி தரையில் இடித்துத் திரும்பி முழங்காலில் அடிக்கும். ஆறு ஆண்டில் நான்கு கம்பு மாற்றியிருக்கிறோம். முதல் கம்பு இப்போது கொடியில் துணி எடுக்கப் பயன்படுகிறது.

மூங்கிலா, பிரம்பா என்றால், சின்னப் பிள்ளைக்குப் பிரம்புதான். வளைந்து கொடுக்கும், எடை குறைவு, பட்டாலும் அடி அவ்வளவு உறைக்காது. மூங்கில் பிளந்தால் சிலாம்பு கையில் ஏறிவிடும். பருமன் பிள்ளையின் பிடிக்குள் அடங்க வேண்டும். கம்பைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும்போது கணுக்களில் விரலை ஓட்டிப்பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். வெடிப்பு இருந்தால் வாங்காதீர்கள். மாதம் ஒரு தடவை துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு முழுக்கத் துடைத்துவிட்டு, படுக்கைவசமாக வையுங்கள். மூலையில் சாத்திவைத்தால் பிரம்பு வளைந்துவிடும். வளைந்தால் ஆசானிடம் கொடுங்கள், அனலில் காட்டி நிமிர்த்துவார்.

உடை என் துறை. கொஞ்சம் கூடவே பேசுவேன். கடையில் விற்கும் பயிற்சி உடைகளில் காற்சட்டையின் கவட்டுப் பகுதியை இறுக்கமாக வெட்டிவிடுகிறார்கள். பிள்ளை கால் அகட்டி நின்றால் முதல் வாரமே தையல் பிரியும். தையல்காரரிடம் கொடுத்து, இரண்டு காலும் சேரும் இடத்தில் நாலங்குலச் சதுரத் துண்டு ஒன்றைக் கோணவாக்கில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு எவ்வளவு அகட்டினாலும் இழுக்காது. இடுப்புக்கு எலாஸ்டிக், நாடா வேண்டாம், அவிழ்ந்து தொங்கி கம்பில் மாட்டும். காலின் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்குப் பருத்தி நல்லது; பாலியஸ்டர் வேர்வையில் ஒட்டிக்கொண்டு தொடை இடுக்கில் புண்ணாக்கும். துப்பட்டா கூடாது. கொலுசு, வளையல், சங்கிலி, தொங்கும் கம்மல் எல்லாம் வீட்டில். முடியை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டுங்கள். கண்ணாடி போடும் பிள்ளைக்குத் தலைக்குப் பின்னால் பட்டி வைத்துவிடுங்கள்.

வெறுங்காலில்தான் பழகுவார்கள். எனவே மைதானத்தை ஒரு நடை நீங்கள் நடந்து பாருங்கள். மழைக்குப் பிறகு நெருஞ்சி படரும், காய்ந்ததும் முள். விடுமுறைக்கு மறுநாள் உடைந்த பாட்டில் கிடக்கும். காலில் குத்தினால் டெட்டனஸ் வராமல் தடுக்க, அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி ஐந்து, ஆறு வயதில் ஒரு டி.பி.டி. ஊக்க ஊசியும், 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. (Td) ஊசியும் உண்டு. போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையானால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். இன்ஹேலர் பையில் இருக்கிறது என்பது ஆசானுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில்

தினமும் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் நீங்களாகவே பழக்காதீர்கள். தப்பாகப் பழகியதை மாற்றுவது, தப்பாகத் தைத்ததைப் பிரிப்பதைவிடக் கஷ்டம். மொட்டைமாடியில் கோலப்பொடியால் நான்கு புள்ளி வைத்தேன். இடம் வலம் குழம்பியதால், கடையில் மிஞ்சிய சிவப்புத் துண்டுத் துணியை இடது கணுக்காலில் கட்டிவிட்டேன். "இடக்கால்" என்று சொல்வதற்குப் பதில் "சிவப்பு" என்றேன். இரண்டு வாரத்தில் துணியை அவளே அவிழ்த்து எறிந்துவிட்டாள். இந்தத் தந்திரத்தை இப்போது ஆசானும் எடுத்துக்கொண்டுவிட்டார். வெட்டுத்துணிக்கு மட்டும் என்னிடம் வருகிறார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வகுப்பு நின்றபோது அந்த நான்கு புள்ளிதான் எங்களைக் காப்பாற்றியது. காலடி பழக ஆசானும் வேண்டாம், இடமும் பெரிதாக வேண்டாம். வீட்டுக்குள் கம்பு மட்டும் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு டியூப்லைட்டும், மாமியார் கல்யாணத்துக்கு வந்த ஒரு கண்ணாடிச் சட்டமும் போயின. மாமியார் மன்னித்துவிட்டார், ஆனால் மறக்கவில்லை.

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ போதும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் காலடியில் திரும்பும்போது குமட்டும். தண்ணீர் பாட்டில் பெரிதாக இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் மாலை 5.30க்கு முன்பு யார் வகுப்பு வைத்தாலும் அனுப்பாதீர்கள்.

அடிபடும். அதை மறைக்க மாட்டேன். பெரும்பாலும் விரல் முட்டியில், முழங்காலில். துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வையுங்கள். வீங்கிய விரலை யாரும் பிடித்து இழுத்துச் சொடுக்கெடுக்க விடாதீர்கள். வீக்கம் இறங்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தலையில் பட்டால் அன்று பயிற்சி முடிந்தது. பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, கேட்டதற்குக் குழப்பமாகப் பதில் சொன்னாலோ உடனே மருத்துவமனைக்கு. மருத்துவர் சொல்லாமல் திரும்ப மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

இருவர் எதிரெதிர் நின்று விளையாடும் தொடுமுறைக்கு அவசரமே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் முதலில் மேலே படாத பயிற்சிகளில் நன்றாக ஊறட்டும், மோதும் பயிற்சியும் போட்டியும் பிறகு வரட்டும் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2016இல் தற்காப்புக் கலைகளைப் பற்றிச் சொன்னது. தலைக்கவசம் மாட்டிவிட்டால் மூளை அதிர்ச்சி வராது என்று நம்பவேண்டாம் என்பதும் அதில் உண்டு. மகளுக்குப் பத்து வயதில்தான் ஆசான் தொடுமுறையை ஆரம்பித்தார். முதல் வாரமே எதிரில் நின்ற பையனின் கம்பு அவள் விரலில் பட்டது. "அவன்தான்" என்று கையைக் காட்டினாள். ஆசான் விசாரிக்கவே இல்லை. விரலைப் பார்த்தார், மடக்கி நீட்டச் சொன்னார், இருவரையும் கம்பை மாற்றிக்கொள்ளச் சொன்னார். "அவன் கம்பின் கனம் என்ன என்று நீ பார். உன் கம்பின் நீளம் என்ன என்று அவன் பார்க்கட்டும்." இருவரும் வணங்கிவிட்டு மீண்டும் ஆரம்பித்தார்கள். நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தவள், திரும்ப உட்கார்ந்துகொண்டேன்.

மேடையும் சான்றிதழும்

இங்கேதான் நான் ஏமாந்தேன். மகள் சேர்ந்து மூன்றாம் ஆண்டு, வேறோர் அமைப்பினர் வந்து "உலக சாதனை" நிகழ்ச்சி என்றார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் விடாமல் கம்பு சுற்ற வேண்டும். கட்டணம் 800 ரூபாய். பதக்கம், சான்றிதழ், சட்டை உண்டு. ஆசான் வேண்டாம் என்றுதான் சொன்னார். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறதே என்று நான் கேட்கவில்லை. காலை எட்டுக்கு என்றார்கள். விருந்தினர் வந்து சேரும்போது பத்தரை. தார்ச்சாலையில் வெறுங்காலோடு பிள்ளைகள். காலடியும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. நின்ற இடத்தில் ஒரே சுற்று. நாற்பதாவது நிமிடத்தில் மகள் கம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஓரத்தில் நின்ற ஒருவர் "எடு, எடு, வீடியோ ஓடுகிறது" என்று கத்தினார். எடுத்தாள். நானும் பேசாமல் நின்றேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மறுநாள் மணிக்கட்டு வீங்கிப் பென்சில் பிடிக்க முடியவில்லை. சான்றிதழில் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

சின்னப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டது உண்மை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பத்தை அறிமுக விளையாட்டாக ஆடிக்காட்டியதும் உண்மை. நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். இதையெல்லாம் சொல்லித்தான் ஆறு வயதுப் பிள்ளையைப் போட்டிக்கு இழுப்பார்கள். ஆனால் முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளிப் பிரிவே 12 வயதில்தான் தொடங்குகிறது. அரசுக்கே இல்லாத அவசரம் நமக்கு எதற்கு? ஆறிலிருந்து பன்னிரண்டுவரை ஆறு ஆண்டு இருக்கிறது. ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு ஆடட்டும், பள்ளி ஆண்டு விழாவில் ஆடட்டும், பொங்கலுக்குத் தெருவில் ஆடட்டும். அதுவே ஏராளம். "மூன்று மாதத்தில் பட்டை (பெல்ட்)" என்று கராத்தேயில் யாராவது சொன்னாலும் இதே பதில்தான்.

நடுவில் பிள்ளை ஒரு நாள் "இனிமேல் போக மாட்டேன்" என்று சொல்லும். ஏழாம், எட்டாம் மாதத்தில் பெரும்பாலும் வரும். ஒரே வீச்சைத் திரும்பத் திரும்பப் பழகுகிற காலம் அது. இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், ஆசானிடம் சொல்லுங்கள், யாராவது கேலி செய்தார்களா, அடித்தார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். காரணம் வெறும் சலிப்பு என்றால் மாத முடிவுவரை போகச் சொல்லலாம். பயம் என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சின்னவனுக்கு இப்போது ஏழு வயது. குதிரை ஓட்டி முடித்துவிட்டான் போலிருக்கிறது. சென்ற மாதம் தானாகவே வந்து அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். மூன்றாம் வாரம் நடக்கிறது. இடது கணுக்காலில் சிவப்புத் துணி. "கம்பு எப்போது?" என்று தினமும் கேட்கிறான். புருவம் வரை 43 அங்குலம் என்று கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுவைத்திருக்கிறேன். கம்பு இன்னும் வாங்கவில்லை. காற்சட்டைதான் வெட்டிவைத்திருக்கிறேன், சதுரத் துண்டை இன்றிரவு வைத்துத் தைக்க வேண்டும்.